கண்டக்டரின் குடலில் சீட் பிடித்தவன்

ஆபரேஷனுக்குப் பயந்து கண்டக்டர் ஓடிப்போனாராம். விடியற்காலையில் பையும் கையுமாக அவர் ஓடியதை மாடிவீட்டுக்காரி கண்ணாலேயே பார்த்தாளாம். ஓடிப்போன மனுஷன்தான் இன்றைக்குப் பஸ்ஸில் "உள்ளே போங்க, உள்ளே போங்க" என்று தொண்டை கிழியக் கத்துகிறாரா? நடந்தது அவர் மனைவிக்குத் தெரியும். மற்றதெல்லாம் வெறும் ஊர்ப்பேச்சு.

குழாய் விட்டுப் பார்த்ததில் பெருங்குடலில் புற்றுக்கட்டி என்று தெரிந்தது. சுற்றியுள்ள குடலையும் ஒரு சாண் சேர்த்து வெட்ட வேண்டும் என்றார் டாக்டரம்மா. கண்டக்டர் மாட்டேன் என்றுவிட்டார்.

"வம்பு பண்றவன் ஒருத்தன்னா அவனை மட்டும் இறக்கி விடணும். அதுக்குப் பாதி பஸ்ஸை அறுப்பாங்களா?"

இந்தப் பிடிவாதமே ஆளைக் கொண்டுபோய்விடுமோ என்று மனைவி பயந்தாள்.

"இதை அந்தம்மாகிட்டயே சொல்லுங்க, வாங்க" என்று இழுத்துப் போனாள்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

"குடல் சுவர்ல சின்னச் சின்னக் குழிங்க இருக்கு. குழிக்கு அடியில தாய் செல்லுங்க கொஞ்சம் உட்கார்ந்துக்கிட்டு, புது செல்லுங்களைப் பெத்துப் போட்டுக்கிட்டே இருக்கும். அதுல ஒண்ணு கெட்டுப்போனா, தான் கெட்டதோட சும்மா இருக்காது. என்னமோ ஒண்ணைக் கசியவிட்டு, பக்கத்து நல்ல செல்லை 'உன் ஸ்டாப் வந்தாச்சு, இறங்கு'ன்னு கிளப்பிவிடும். அதுவும் நம்பி, பெத்துப் போடற வேலையை விட்டுட்டு மேல ஏறிப்போய் உதிர்ந்துடும். காலியான சீட்ல இது தன் பிள்ளைங்களை உட்கார வைக்கும். ஆரம்பம் இப்படித்தான். இப்ப அது சுவருக்குள்ளயே இறங்கியாச்சு. எதுவரைக்கும்னு கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது. அதான் சுத்தியும் எடுக்கணும்."

கண்டக்டர் முகம் சிவந்தது. நோய் என்றபோதுகூட அவருக்கு இத்தனை கோபம் வரவில்லை.

"டிக்கெட் வாங்கினவங்களையா இறக்கி விடறான்? என் வண்டியிலயா?"

"உங்க வண்டியிலதான்."

"நல்லதுங்களை இறங்கவிடாம பிடிச்சு வைக்க மருந்து கிடையாதாம்மா?"

"எலிங்களுக்குக் குடுத்துப் பார்க்கறாங்க. அது மனுஷங்களுக்கு வர்ற வரைக்கும் நீங்க காத்திருக்க முடியாது."

கண்டக்டர் தாடையைச் சொறிந்தார். "எப்ப வரணும்?"

ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நாளன்று முதல் பஸ்ஸையே பிடிக்க வேண்டும் என்று மனைவியை விரட்டினார். அவள் வீட்டைப் பூட்டப் போனாள். சாவியை வாங்கி அவரே பூட்டினார். பூட்டியவர் படியிலேயே நின்றுவிட்டார். இத்தனை நாள் வீராப்பு எங்கே போனதோ!

மனைவி அவர் முதுகில் லேசாகத் தட்டினாள். "போலாம், ரைட்."

கண்டக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்தபடியே பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார்.