வெங்கடசாமியின் சிவப்பு பட்டன்

அல்சூரில் எங்கள் எதிர்வீட்டு வெங்கடசாமிக்குப் பத்து விரல்களும் இருக்கின்றன. இரண்டு கைகளையும் விரித்துக் காட்டி அவரே இதைச் சொல்வார். பீன்யா தொழிற்பேட்டையில் தகடு வெட்டும் பிரஸ் மெஷினில் பத்தொன்பது வருடம் வேலை. அங்கே இது பட்டம் வாங்கியதற்குச் சமம்.

மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு 2003-இல் நான் திரும்பியபோது, அவர் வீட்டுக் கூடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு வீடியோ கேம் பெட்டி நின்றது. மூடிப்போன ஒரு கேம் கடையிலிருந்து டெம்போவில் ஏற்றி வந்தாராம். திரை நன்றாகத்தான் இருந்தது. கைப்பிடியும் பட்டன்களும் பதித்த பலகைதான் மழை ஒழுகி, டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி பிய்ந்துவிட்டது.

அவர் மனைவி சாந்தகுமாரி கெடு வைத்திருந்தார். திங்கட்கிழமை புது பீரோ வருகிறது. வைக்க வேறு இடமில்லை.

“ஞாயித்துக்கெழம நான் ஒரு ஆட்டம் ஆடுவேன். ஒழுங்கா ஓடுச்சின்னா இருக்கட்டும். இல்லேன்னா பழைய சாமான் வாங்குற குஜிரிக்காரனுக்கு எடைக்குப் போட்டுடுவேன், ஆமா.”

வெங்கடசாமி கனமான பிளைவுட் ஒன்று வாங்கிவந்தார். ஒரு வாரம் சாயங்காலம் முழுக்க அறுப்பதும், துளை போடுவதும், உப்புத்தாள் தேய்ப்பதும்தான். யாரையும் கிட்டே விடவில்லை.

ஞாயிறு காலை என்னையும் கூப்பிட்டார்கள். பலகை வார்னிஷ் பூசிப் பளபளத்தது. இடப்பக்கம் கைப்பிடி, வலப்பக்கம் சுடுவதற்கு மூன்று பட்டன்கள். இவை போக இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொரு பச்சை பட்டன். நடுவில், பன் அளவுக்கு ஒரு சிவப்பு.

“இன்னாய்யா இது?” என்றார் சாந்தகுமாரி.

“பச்சை ரெண்டும் ஸ்டார்ட்டு. ரெண்டு கையாலயும் ஒரே டைம்ல அமுக்கணும். அப்பத்தான் ஓடும்.”

“எதுக்கு?”

“ஒரு கை சும்மா இருந்தா உள்ள மாட்டிக்கும்ல?”

“உள்ள இன்னாய்யா இருக்குது? பிளேனுதானே பறக்குது!”

“மெஷினுன்னா மெஷினுதான். செவப்பு, எமர்ஜென்சி. ஏதாச்சும் ஆச்சின்னா ஒரு தட்டு, எல்லாம் நின்னுடும்.”

சாந்தகுமாரி குள்ளம். கல்யாண மண்டபத்தில் ஜமக்காளம் விரிப்பவர் மாதிரி இரண்டு கைகளையும் நீட்டி, மோவாய் பலகையில் இடிக்க, பச்சை இரண்டையும் அமுக்கினார். பீரோ ஜெயித்துவிட்டது என்றே நினைத்தேன்.

ஆட்டம் தொடங்கியது. முதல் கட்டம் தாண்டியது. இரண்டாவதில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். மூன்றாவதில், “வாடா, வா! மூஞ்சப் பேத்துடறேன்!” என்று எதிரி விமானத்தோடு பேச ஆரம்பித்தார். பெரிய விமானம் ஒன்று வந்தது. உடம்போடு சேர்ந்து சாய்ந்தார். முழங்கை சிவப்பில் இடித்தது.

திரை இருண்டது.

“பாத்தியா!” வெங்கடசாமி துள்ளினார். “அரை செகண்டு ஆவல! எப்படி நின்னுச்சு பாத்தியா!”

சாந்தகுமாரி மெல்லத் திரும்பினார். “எழுபத்தெட்டாயிரம் பாயின்ட்டுய்யா. எழுபத்தெட்டாயிரம்! கழட்டு அத.”

“அது மட்டும் ஆவாது.”

“கழட்டுன்றேன்ல?”

“எங்கூட பிரஸ் ஓட்டுன ஆம்ப்ரோசும் இப்படித்தான் சொன்னான். எடைஞ்சலா இருக்குது, கழட்டுன்னு. இப்போ எட்டு விரல்ல டீ கிளாஸ் புடிக்கிறான். வேணும்னா குஜிரிக்குப் போட்டுக்க. நான் கழட்ட மாட்டேன்.”

ஒரு வாரம் பாடுபட்டுச் செய்ததை அவரே எடைக்கு அனுப்பத் தயாராகிவிட்டார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முகம் கடுகடுத்திருந்தது.

சாந்தகுமாரி பெட்டியைப் பார்த்தார். இருண்ட திரையைப் பார்த்தார். விறுவிறுவென்று சமையலறைக்குப் போய் ஒரு பித்தளை டபராவோடு வந்தார். அதைச் சிவப்பு பட்டன் மேல் கவிழ்த்தார்.

“கழட்டல. மூடித்தான் வெச்சிருக்கேன். ஆபத்துன்னா தூக்கிட்டு அமுக்கிக்க.”

வெங்கடசாமி டபராவைத் தூக்கிப் பார்த்தார், மறுபடி வைத்தார், தலையாட்டினார். பிறகு அதை எடுத்து, அமுங்கிக் கிடந்த பட்டனைத் திருகி மேலே எழவிட்டு, டபராவைத் திரும்பக் கவிழ்த்தார்; அப்படிச் செய்தால்தான் மெஷின் மறுபடி ஓடும்.

“நவுருய்யா,” என்று சாந்தகுமாரி கைகளை விரித்தார்.

திங்கட்கிழமை வந்த பீரோ இப்போது படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் நிற்கிறது. புடவை எடுக்க வேண்டுமென்றால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் அதைத் திறக்க முடியும். சாந்தகுமாரிக்கு அதில் வருத்தமில்லை. அடுத்த வாரமே தொண்ணூறாயிரத்தைத் தாண்டிவிட்டார்.