எழுபது லிட்டர் பை

முதுகில் மாட்டும் ஒரு பை வாங்க ஒன்றரை மாதம் ஆகும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், மலையேறும் ஆசையையே விட்டிருப்பேன். நிக்டி என்ற மராத்தி ஊரில் இருக்கும் எங்கள் வீட்டில் காலைக் காபியிலிருந்து ராத்திரி மோர் வரை அதே பேச்சு. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

போன வருடம் மூன்று நாள் சஹ்யாத்ரி மலை நடைக்குப் போய், முதல் நாளே திரும்பி வந்தவள் நான். மகளின் பழைய காலேஜ் பையில் எல்லாவற்றையும் திணித்துக்கொண்டு போயிருந்தேன். மதியத்துக்குள் தோள்பட்டை கன்றிப்போய், கைவிரல்கள் மரத்துவிட்டன. மலையேற்றக் குழுவின் தலைவி கீழ்க்கிராமத்து ஆள் ஒருவரோடு என்னைத் திருப்பி அனுப்பினாள். இந்த வருடம் பெயர் கொடுத்தபோது இந்தியில் கறாராகச் சொல்லிவிட்டாள்: ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுப் பாரத்தோடு பக்கத்துக் குன்றை ஏறிக் காட்ட வேண்டும், நடுவில் பையை இறக்கினால் பட்டியலில் பெயர் கிடையாது. ஐம்பத்து நான்கு வயதில் இன்னொரு தரம் திரும்பி வர எனக்கு மானம் இடம் கொடுக்கவில்லை.

பை விவகாரத்தை என் வீட்டுக்காரர் தன் கையில் எடுத்துக்கொண்டார். முப்பது வருடம் இந்த மலைகளில் சுற்றியவர். அந்த முப்பது வருடமும் அவர் பையை அடுக்கிக் கொடுத்தவள் நான். நீயும் வருகிறாயா என்று ஒருநாளும் கேட்டதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் முழங்கால் தேய்ந்துபோய், இனி மலையே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆள் வீட்டில் உட்கார்ந்தார், வாய் உட்காரவில்லை.

ஒரு மாதம் போனில் வீடியோவாகப் பார்த்துத் தள்ளிவிட்டு, என்னைக் கேட்காமலே எழுபது லிட்டர் பை ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தார். பெரிதாக வாங்கினால் எதற்கும் ஆகும் என்பது அவர் கட்சி. மகளுக்குப் பள்ளிச் சீருடையும் இப்படித்தான் இரண்டு அளவு கூட்டி வாங்குவார். அவள் வளர்ந்தாள், சரி. நான் எங்கே வளரப் போகிறேன்? பாரத்துக்காக ஐந்து கிலோ பொன்னி அரிசிப் பைகள் இரண்டை உள்ளே போட்டு என் முதுகில் மாட்டிவிட்டார். பை என் தலைக்கு மேல் எட்டிப் பார்த்தது. இடுப்பில் நிற்க வேண்டிய பெல்ட் தொடையில் இடித்தது. அந்தக் கோலத்தில் நான்கு மாடி இறங்கி ஏறினேன். லிஃப்ட் ரிப்பேரா என்று மூன்றாம் மாடி அம்மாள் மராத்தியில் விசாரித்தாள். மூச்சு இரைக்க வந்து நின்றால், பட்டையை இழுத்துக் கட்டினால் சரியாகிவிடும் என்கிறார் இவர், சோபாவில் சாய்ந்துகொண்டு.

பத்து நாளைக்குள் திருப்பி அனுப்பலாம் என்று போட்டிருந்தது. அனுப்பிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு, அவரையும் இழுத்துக்கொண்டு மலையேற்றச் சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரப் பெண் நாடாவை எடுத்து என் கழுத்தெலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை அளந்தாள். லிட்டரை அப்புறம் பார்க்கலாம், முதுகு நீளம்தான் முதலில், பாரம் இடுப்பில் உட்கார வேண்டும் என்றாள். எனக்குக் குட்டை முதுகாம். அவள் உள்ளே போய் ஐம்பது லிட்டரில் ஒன்றை எடுத்து வருவதற்குள், இவர் வேறொரு பெரிய பையை மாட்டி, பெல்ட்டை இறுக்கி, கடைக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தார். அம்சமாக உட்காருகிறதாம், இதையே எடுத்துக்கொள்ளலாமாம். எனக்கு வந்ததே கோபம்.

"நடக்கப் போறது நானா, நீங்களா?"

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பெல்ட்டைக் கழற்றி, பையை எடுத்த இடத்திலேயே தொங்கவிட்டார். அப்படிக் கேட்டிருக்க வேண்டாம் என்று அப்போதே தோன்றியது. ஆனாலும் கோபம் தணியவில்லை, ஐம்பது லிட்டரை வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

ஞாயிறன்று அதோடு குன்றை ஏறினேன். மூச்சு முட்டியது, கெண்டைக்கால் கடுத்தது, தோள் மட்டும் வலிக்கவில்லை. பையை உச்சியில்தான் இறக்கினேன். தலைவி என் பெயருக்கு எதிரே டிக் போட்டாள்.

அதைச் சொல்ல வீட்டுக்கு ஓடி வந்தால், இவர் பால்கனியில் அந்த எழுபது லிட்டர் பையை மாட்டிக்கொண்டு நின்று, பட்டைகளை ஒவ்வொன்றாகத் தன் அளவுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் அனுப்பலையா?"

"நாள் முடிஞ்சு போச்சு," என்றார், என்னைப் பார்க்காமல்.

இன்னும் மூன்று நாள் இருந்தது. கடைசித் தேதி என் போனுக்கும் வந்திருந்தது. அவர் பின்னால் போய் ஜிப்பைத் திறந்து, உள்ளேயே கிடந்த அரிசியை மட்டும் வெளியே எடுத்தேன்.