கீறல் என்று சுரண்டிய ஒளி

அறுபதுகளின் தொடக்கம். திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்த புதிது. ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். கல்லூரிப் பொருட்காட்சியில் யாரும் பார்த்திராத படம் ஒன்றை வைக்கப்போவதாக ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன்.

வெளிநாட்டில் பெரிய தொலைநோக்கி வழியாக எடுத்த படம் அது. பஞ்சுருண்டை போல ஒரு விண்மீன் மண்டலம். அதன் நடுவிலிருந்து ஒரு பக்கமாகக் குச்சி மாதிரி நேராகப் பாயும் ஒளிக்கீற்று. அது எதனால் வருகிறது என்று அன்று யாருக்கும் சரியாகத் தெரியாது. நடுவில் இருக்கும் கருந்துளைதான் காரணம் என்று இப்போது சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கீற்றின் மேல் அப்படி ஒரு பைத்தியம்!

படம் இருந்த புத்தகம் சென்னையிலிருந்து இரவல் வந்தது. தெப்பக்குளம் பக்கத்து ஸ்டூடியோவில் காப்பி எடுத்த கையோடு திருப்பி அனுப்பிவிட்டேன். பொருட்காட்சிக்கு முதல் நாள், பெரிதாக்கிய படத்தை வாங்கி உறையைப் பிரித்தேன். மண்டலம் இருக்கிறது, கீற்றைக் காணோம்!

“ஐயோ, நடுவுல ஒரு கோடு இருந்துச்சே, எங்கேங்க?”

“அந்தக் கீறலா? நெகடிவ்லயே பிளேடால சுரண்டிட்டேன் டீச்சர். சுத்தமாப் போயிடுச்சு பாருங்க” என்றார் ஸ்டூடியோக்காரர், பெருமையாக.

கடை என்றும் பாராமல் கத்தினேன். “இருக்கறத எப்படிங்க நீங்களா எடுக்கலாம்?”

மனுஷர் முகம் சுண்டிப்போனது. “உங்க போட்டோவுல கன்னத்துத் தழும்ப எடுத்தப்ப நல்லாருக்குன்னு சொன்னீங்களே டீச்சர். அதான் இதையும்…”

யாரோ அறைந்தது போல இருந்தது. வரன் பார்க்க அம்மா அங்கேதான் என்னைப் படம் எடுக்க வைத்திருந்தாள். சின்ன வயதில் எண்ணெய் தெறித்த தழும்பு தெரியாமல் அழகாக மறைத்துக் கொடுத்திருந்தார். தொட்டியத்து மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப இன்னொரு பிரதி அன்றைக்குக் கடை மேஜைமேல் தயாராக இருந்தது. அதில் வழவழப்பான கன்னத்தோடு யாரோ சிரித்துக்கொண்டிருந்தாள்.

“என் நெகடிவையும் சுரண்டிட்டீங்களா?” என்று கேட்டேன்.

“இல்லைங்க. அது பென்சில் வேலை. தொடச்சாப் போயிடும்.”

“அப்ப தொடச்சிட்டு வேற பிரிண்ட் போட்டுக் குடுங்க.”

மறுநாள் கீற்றில்லாத படத்தையே மாட்டினேன். அது இருந்த இடத்தை விரலால் காட்டி, எப்படிப் போனது என்பதையும் சொன்னேன். வந்தவர்களெல்லாம் அந்த வெறும் இடத்தையே உற்று உற்றுப் பார்த்தார்கள். தொட்டியத்துக்குத் தழும்போடு போன படத்துக்குப் பதிலே வரவில்லை. அம்மா என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். பிறகு வேறொருவர் அதே படத்தைப் பார்த்துவிட்டு, வலித்ததா என்று கேட்டார். அவரைத்தான் கட்டிக்கொண்டேன்.

இன்றைக்கும் அந்த மண்டலத்தின் படம் கண்ணில் பட்டால் முதலில் கீற்று இருக்கிறதா என்று தேடுகிறேன். இருப்பதைப் பார்த்ததும் என்னையறியாமல் கை கன்னத்துக்குப் போய்விடுகிறது.