புகையில்லாத சூடு

ஈஸ்வரனின் சட்டையை வேலுத்தாய் எத்தனை முறை துவைத்தாலும் புகைவாடை போனதில்லை. கல்யாணமான நாள் முதல் அந்த வாடைதான் அவளுக்குப் புருஷனின் வாடை. போடிக்கு மேலே மலைச்சரிவில் ஸ்டோர் எனப்படும் ஏலக்காய் உலர்த்தும் கூடங்களில் விறகடுப்பு எரித்துக் காய் உலர்த்துவது அவர் வேலை. வாழ்நாளில் பாதிக்கு மேல் அந்த அடுப்பு வாசலில் போனது. ஒருநாள் இருமல் நிற்கவில்லை. தேனி டாக்டர் நெஞ்சுப் படத்தைப் பார்த்துவிட்டு, "இனி புகைப் பக்கமே போகக்கூடாது" என்றார். வேறு வேலை தெரியாத மனிதர் அவர்.

அப்போதுதான் யாரோ ஒரு காணொளியைக் காட்டினார்கள். வீட்டில் ஒரு கணினிப் பெட்டியை ஓடவிட்டால், இணையத்தில் பணமாகப் புழங்கும் கிரிப்டோ நாணயம் கிடைக்குமாம். உலகம் முழுக்க நடக்கும் ஒரு கணக்குப் போட்டியில் அந்தப் பெட்டி ஓயாமல் விடை தேடும். அதற்குக் கூலி அந்த நாணயம். ஈஸ்வரன் கண்ணில் பட்டது நாணயம் இல்லை. அந்தப் பெட்டி சூடாகும் என்பதுதான்.

"பூட்டின ரூமு, உள்ள சூடு, நான் காவல். நம்ம சோலியேதான் வேலு! புகைதான் இல்ல."

வேலுத்தாய் பெட்டியின் விலைக்காகக் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அவர் கையில் வைத்தாள்.

தேனியில் இந்தப் பெட்டிகளை விற்பவன் விஜயபாண்டி. பெரியது ஒன்று, சின்னது ஒன்று என்று இரண்டு ரகம் சொன்னான். எது வேண்டும் என்று கேட்டதற்கு ஈஸ்வரன் சிரித்துவிட்டார்.

"தம்பி, எங்க ஊர்ல சாம்பிளைக் கையில அள்ளிப் பாக்காம ஒரு கிலோ காய்க்குக்கூட வெல கேக்க மாட்டாங்க. ரெண்டையும் கொண்டா. ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்."

"அண்ணே, இது என்ன ஏலக்காயா, மென்னு பாக்குறதுக்கு?" என்றான் விஜயபாண்டி. ஆனாலும் மறுநாளே இரண்டையும் கொண்டுவந்தான். தன் கையாலேயே தனிக் கரண்டு லைன் இழுத்துக் கொடுத்தான். முன்பணம் கேட்கவில்லை. அந்த நம்பிக்கைக்கு என்ன பெயர் வைப்பது!

சின்னப் பெட்டி டிபன் பாக்ஸ் அளவு. சத்தமே இல்லை. கரண்டும் ஒரு பல்புக்கு ஆகிற அளவுதான். ஆனால் விடை கிடைப்பது லாட்டரி விழுகிற மாதிரி. பெரியது போட்ட நிமிடமே அலறியது. குரங்கணி மேட்டில் லோடு ஏற்றிய ஜீப்பு ஏறுகிற சத்தம்.

"ஒண்ணு ஊமை, இன்னொண்ணு பேய். எதைக் கட்டிக்கப் போறீங்க?" என்றாள் வேலுத்தாய்.

"ஊமைய ஒருதடவை கட்டிப் பாத்தேன். கல்யாணத்துக்குப் பெறகுதான் வாயத் தெறந்துச்சு."

வெகுநாளைக்குப் பிறகு அந்த வீட்டில் இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

பெரிய பெட்டியின் பின்னாலிருந்து அனல்காற்று வீசியது. அன்று மலையில் விடாத மழை. குரங்கணியில் இருக்கும் வேலுத்தாயின் தங்கை சிவரஞ்சனி, ஸ்டோரில் இடம் கிடைக்காமல் ஒரு கூடைப் பச்சைக்காயை அக்கா வீட்டுக்கு ஜீப்பில் கொடுத்துவிட்டிருந்தாள். வேலுத்தாய் அதைச் சல்லடைத் தட்டுகளில் பரப்பி அந்தக் காற்றுக்கு முன் வைத்தாள்.

காயைப் பார்த்ததும் ஈஸ்வரனின் கைகள் பழைய பழக்கத்துக்குப் போய்விட்டன. ஸ்டோரில் முதலில் அறையை அடைத்துக் காயை வேர்க்கவிட வேண்டும். பிறகுதான் திறந்து ஈரத்தை வெளியே விடுவார்கள். அவர் ஜன்னலைச் சாத்தினார். கதவிடுக்கில் சாக்கைத் திணித்தார். நிம்மதியாகத் தேநீர் குடிக்க உட்கார்ந்தார்.

திடீரென்று அலறல் நின்றது.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். பெட்டி செத்துக் கிடந்தது; தொட முடியாத சூடு. ஈஸ்வரன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அடுத்தவன் பொருளக் கொன்னுட்டேனே வேலு! இதுக்கு ஈடு கட்ட மறுபடி அடுப்புக்கே போறேன்."

"போங்க! அந்தப் புகைக்குள்ள நானும் வந்து ஒக்காருறேன். ரெண்டு பேரும் சேந்தே சாவோம்!" என்று அவள் கதறினாள்.

போனில் விஜயபாண்டி சொன்னது இவ்வளவுதான்: "தொடாதீங்கண்ணே. வெரசா வர்றேன்."

கொட்டும் மழையில் பைக்கில் வந்தான். தலைகூடத் துவட்டாமல் ஜன்னலைத் திறந்தான். பெட்டி ஆறும்வரை அதன் பக்கத்திலேயே குந்தியிருந்தான். பிறகு சுவிட்சைப் போட்டான். அலறல் வீட்டை நிறைத்தது. அந்தப் பேய்ச்சத்தத்தைக் கேட்டு வேலுத்தாய் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"சூடு தாங்காம அதுவே நின்னுக்கிச்சு. உசுரோடதான் இருக்கு. காய வேர்க்க வைக்கலாம்ணே, மெஷினை வேர்க்க வைக்கலாமா?"

ஈஸ்வரன் சங்கிலியை நீட்டினார். "வித்துத் தாரேன் தம்பி. பெருசையே எடுத்துக்கிறேன்."

விஜயபாண்டி சங்கிலியைத் தொடவில்லை.

"ரெண்டுமே வேணாம்ணே. பெருசு சம்பாதிக்கிறதை வீட்டுக் கரண்டு பில்லு தின்னுட்டு, மேலயும் கேக்கும். சின்னதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. விக்கிறவன் சொல்லக்கூடாது, சொல்லிட்டேன். சங்கிலி மதினி கழுத்துலயே கெடக்கட்டும். பெட்டி ரெண்டையும் நாளைக்கு வந்து எடுத்துக்கிறேன். அதுவரைக்கும் ஓடட்டும், காயாவது காயட்டும்."

மறுநாள் அவன் வந்தபோது ஈஸ்வரன் ஒரு தட்டை நீட்டினார். உலர்ந்த காய் பச்சை குறையாமல், கிளிக்குஞ்சு போல இருந்தது. கிள்ளி முகர்ந்தால் புகைவாடை துளியும் இல்லை.

விஜயபாண்டி காயைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். "அண்ணே, இந்தச் சூட்டுக்கு நாணயம் தேடுற பெட்டி எதுக்கு? சாதா ஹீட்டரும் ஒரு காத்தாடியும் போதுமே!"

அவனே ஹீட்டரும் காத்தாடியும் பொருத்தித் தகரப்பெட்டி ஒன்று அடித்துக் கொடுத்தான். ஈரம் வெளியேற ஈஸ்வரன் சொன்ன இடத்தில் துவாரம் வைத்தான். இன்று குரங்கணிச் சரிவில் சொந்த ஸ்டோர் இல்லாத சிறுவிவசாயிகள் கூடைகூடையாக ஈஸ்வரன் வீட்டுக்குக் காய் அனுப்புகிறார்கள். கரண்டுச் செலவும் உலர்த்துகிற கூலியும் அவர்களே தருகிறார்கள். வருஷம்தோறும் முதல் பறிப்பில் உலரும் காயில் ஈஸ்வரன் விலைக்கு வாங்கும் ஒரு படி, வேறு யார் கேட்டாலும் கொடுக்காமல், தேனிக்கு விஜயபாண்டியிடம் போகிறது. தனக்கு வரவேண்டிய வியாபாரத்தைத் தானே தடுத்தவனுக்கு அந்த வீடு செய்யும் மரியாதை அது.

சங்கிலி மின்ன வேலுத்தாய் கொடியிலிருந்து புருஷனின் சட்டையை எடுக்கிறாள். மடிப்பதற்கு முன் முகத்தோடு சேர்த்து ஒருமுறை முகர்ந்து பார்க்கிறாள். ஏலக்காய் மட்டும்தான் மணக்கிறது.