பில்டில் வெளிவந்த வரி

கொடிகாமம் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. எங்கள் மென்பொருளை மற்ற மென்பொருள்கள் எப்படி அழைப்பது என்று சொல்லும் ஏபிஐ ஆவணத்தை ஏன் கையால் எழுத வேண்டும்? நிரலுக்குள் நாங்கள் எழுதிவைக்கும் குறிப்புகளைத் திரட்டி, மென்பொருளைத் தொகுக்கும் ஒவ்வொரு பில்டிலும் அது தானாகவே உருவாகட்டுமே. இன்று மத்தியானமே செய்து முடித்தேன்.

முதல் பில்டில், மரக்கறி விலை கேட்கும் பகுதியின் கீழ் இப்படி வந்தது: ‘பதில் வரச் சுணங்கும். காத்திருங்கள், நானும் காத்திருக்கிறேன்.’

எழுதியவர் எங்கள் அலுவலகத்தின் மூலை மேசையில் இருப்பவர். நரைத்த தாடி. காலையில் தலையாட்டுவார், அவ்வளவுதான். பக்கத்துக் கதிரையில் எப்போதும் தன் ஹெல்மெட்டை வைத்திருப்பார். அதனால் அங்கே ஒருவரும் இருப்பதில்லை. அவரிடம் ஆவணத்தைக் காட்டினேன்.

“ஆரும் வாசிக்க மாட்டினமெண்டுதான் எழுதினனான், தம்பி.”

“அந்த வரியை எடுத்துவிடட்டே, அண்ணை? இனி வெளியாக்களும் பார்ப்பினம்.”

திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “நீ வாசிச்சனியே?”

“ஓம். எல்லாத்தையும்.”

“அப்ப கிடக்கட்டும்.”

ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். யாருக்காகக் காத்திருந்தார் என்று எனக்கு இன்னமும் விளங்கவில்லை. நாளைக்கு அந்தக் குறிப்பின் கீழ் நானும் ஒரு வரி எழுதப்போகிறேன். அடுத்த பில்டில் அவர் அதை வாசிப்பார்.