நாலு ஹால் போதும்

எட்டு ஆண்டுகள், முந்நூற்றுப் பன்னிரண்டு பகுதிகள். ‘சி புளோக்’ என்ற தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில் புஷ்பவல்லி நடித்த கணக்கு இது. இத்தனையிலும் ஒரு பார்வையாளர் சிரிப்பதை அவர் தன் காதால் கேட்டதே இல்லை. படப்பிடிப்பில் யாரும் சத்தம் போடக்கூடாது. கேமராக்காரருக்குச் சிரிப்பு வந்தால் உதட்டைக் கடித்துக்கொள்வார். டிவியில் கேட்கும் சிரிப்பு முழுவதும் பிறகு எடிட்டிங் அறையில் சேர்க்கப்படுவது.

புஷ்பவல்லிக்கு வயது நாற்பத்தேழு. கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டுகிறார். கணவர் பரமேஸ்வரன் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறார். வீட்டில் இரண்டு பேருமே ஓட்டுநர்கள் என்பதால், குடும்பக் காரில் எங்கே போனாலும் ஸ்டியரிங் பிடித்தவரைவிடப் பக்கத்தில் உட்கார்ந்தவரின் குரல்தான் அதிகமாகக் கேட்கும்.

அவர் நடிப்புக்கு வந்ததே ஒரு சண்டையால்தான். அவர்கள் குடியிருந்த அடுக்குமாடியில் ஒரு டிவி நாடகக் குழு படம்பிடிக்க வந்தது. சாமான் ஏற்ற லிஃப்டைக் காலையிலிருந்து பிடித்து வைத்துக்கொண்டது. புஷ்பவல்லி கையில் பத்துக் கிலோ அரிசி. வீடு ஏழாவது மாடியில்.

“பெர்மிட் வாங்கியிருக்கோம் அக்கா,” என்றான் உதவி இயக்குநர்.

“அப்போ இந்த அரிசிய உங்க பெர்மிட்ட தூக்கிட்டு வரச் சொல்லு.”

அதற்குப் பிறகு அவர் திட்டியது வெகுநேரம் நீடித்தது. கேமராவை யாரும் நிறுத்தவில்லை. மறுவாரம் அதே உதவி இயக்குநர் ஏழு மாடி ஏறி வந்து கதவைத் தட்டினான்.

“அக்கா, நீங்க மறுபடி வந்து திட்டணும்.”

“யார?”

“யாரா இருந்தாலும் பரவால்ல அக்கா.”

ஒரு காட்சிக்குப் போனவர் எட்டு ஆண்டு இருந்தார். தொடரில் அவர் லிஃப்ட் வாசலில் நிற்கும் பெண். ஏறுகிறவர், இறங்குகிறவர் யாரும் அவருக்குப் பதில் சொல்லாமல் தாண்ட முடியாது. ஊர் அவருக்கு ‘லிஃப்ட் அக்கா’ என்று பெயர் வைத்தது. பாசாரில் மீன்காரர் எடை போடும்போதே, “இன்னிக்கி லிஃப்டு ஓடுதா அக்கா?” என்று கேட்பார். “நீ நல்ல மீனா போடு, ஓடும்,” என்பார் இவர்.

அந்தத் தொடரின் எடிட்டர் குரு. நான்கு ஆண்டு எடிட் செய்தபின் வேலையை விட்டுவிட்டு ஒரு படத்துக்குக் கதை எழுதினார். கம்போங் மேடான் அடுக்குமாடியில் வசிக்கும் ஒரு தாய், மகளுக்குப் பேசியிருக்கும் சம்பந்தி வீட்டார் வரும் ஒரு நாளுக்கு மட்டும், தெரிந்தவரின் சுபாங் ஜெயா பங்களாவைத் தன் வீடு என்று காட்ட வேண்டும். படத்தின் பெயர் ‘சுபாங் ஜெயா சம்பந்தி’. தாய் வேடம்தான் கதாநாயகி வேடம். குரு நேரே புஷ்பவல்லியிடம் வந்தார். மாமாக் சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் தேநீர் வந்து ஆறும்வரை கதை சொன்னார்.

கதையைக் கேட்டு முடித்த புஷ்பவல்லி கதையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

“தம்பி, டிவியில சிரிப்பு போட்டது நீதானே?”

“ஆமா அக்கா.”

“ஊரு என்னைப் பாத்து சிரிச்சிச்சா, நீ போட்ட சிரிப்பக் கேட்டு சிரிச்சிச்சா?”

“தெரியாது அக்கா. அத கண்டுபிடிக்கத்தான் படம் எடுக்கலாம்னு.”

“நல்லா தைரியம் குடுக்கிற.”

படங்களைச் சினிமா ஹால்களுக்குப் பேசிக்கொடுக்கும் தம்புசாமிக்கு அந்தச் சந்தேகமும் இல்லை. பிரிக்பீல்ட்ஸில் அவருடைய அலுவலகம் ஒரு பூக்கடைக்கு மேலே. புஷ்பவல்லியையும் குருவையும் உட்கார வைத்து, தேநீர் வரவழைத்து, அன்பாகவே சொன்னார்: “தங்கச்சி, கோவிச்சிக்காதே. வீட்டுல சோபாவுல கால் நீட்டிப் படுத்துக்கிட்டு ஓசியில பாக்கிற மூஞ்சிய, ஜாம்ல மாட்டி, பார்க்கிங் தேடி, டிக்கெட் எடுத்து எவன் லா பாப்பான்?”

“அண்ணே, அங்க மூஞ்சி பெரிசா தெரியும்ல,” என்றார் புஷ்பவல்லி.

தம்புசாமி சிரித்தார். ஆனாலும் உறுதி எதுவும் தரவில்லை.

தொடரின் தயாரிப்பாளர்கள், படம் வேண்டுமா தொடர் வேண்டுமா என்று கேட்டுவிட்டார்கள். புஷ்பவல்லி படம் என்றார். ஒரு செவ்வாய்க்கிழமை லிஃப்ட் அக்கா ஈப்போவிலிருக்கும் மகள் வீட்டுக்கு நிரந்தரமாகப் போய்விட்டதாக வசனம் வந்தது. மறுவாரம் லிஃப்ட் வாசலில் வேறொரு நடிகை நின்றார். இனி இந்தப் படம் ஓடினால்தான் புஷ்பவல்லி நடிகை. ஓடாவிட்டால் வேன் ஓட்டுகிற, முன்பு ஒரு காலத்தில் டிவியில் வந்த அக்கா.

“ரெண்டும் நல்ல வேலதானே,” என்றார் பரமேஸ்வரன்.

“ஒன்னு நல்ல வேல. இன்னொன்னு என் வேல,” என்றார் மனைவி.

படப்பிடிப்பின் முதல் வாரம் சிக்கலாகத்தான் போனது. எட்டு ஆண்டுப் பழக்கத்தில், ஒவ்வொரு வேடிக்கையான வசனம் முடிந்ததும் புஷ்பவல்லி தானாக நின்றுவிடுவார். கைப்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றுவார். பிறகு சேர்க்கப்படும் சிரிப்புக்காக விட்டு விட்டுப் பழகிய இடம் அது. சினிமாவில் அந்த இடங்களெல்லாம் பள்ளம் பள்ளமாகத் தெரிந்தன.

“அக்கா, நிக்காதீங்க. பேசிக்கிட்டே போங்க. இங்க சிரிப்பு போடப் போறதில்ல,” என்று குரு சொல்லிக்கொண்டே இருந்தார். பையைப் பிடுங்கி வைத்தார்கள். கை வெறுமனே தோளுக்குப் போனது. இரண்டாம் வாரம் அது நின்றது. மூன்றாம் வாரம் அவர் வேகத்துக்கு மற்றவர்கள் மூச்சுவாங்கினார்கள்.

ஒரே ஓர் இடத்தில்தான் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. இரவல் பங்களாவில், சம்பந்தியம்மாள் பாத்ரூம் எங்கே என்று கேட்கிறார். வீட்டுக்காரியாக நடிப்பவருக்கு அது தெரியாது. மிடுக்காக நடந்துபோய் ஒரு கதவைத் திறக்கிறார். உள்ளே துடைப்பங்களும் வாளியும். “போன வாரம் இங்கதான் இருந்துச்சு,” என்கிறார். பிறகு கதவுப்பிடியை விடாமல், அந்தத் துடைப்பங்களைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். நின்றுகொண்டே இருக்கிறார்.

“ரொம்ப நிக்கிறீங்க அக்கா. வெட்டப் போறேன்.”

“வெட்டாதே. ஜனங்க சிரிக்க ஒரு இடம் வேணாமா?”

“சிரிக்கலன்னா?”

“சிரிக்கலன்னா நான் கதவ பிடிச்சிக்கிட்டு நிக்கிறத ஊரே பாக்கட்டும்.”

குரு வெட்டவில்லை.

அக்டோபர் மாதம், தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை படம் வெளியானது. தம்புசாமி எப்படியோ பேசிப் பதினொரு ஹால் வாங்கியிருந்தார். ஞாயிறுவரை கூட்டம் வராவிட்டால் திங்கட்கிழமை எல்லாவற்றிலிருந்தும் படத்தை எடுத்துவிடுவார்கள். அதுதான் வழக்கம்.

அன்று கிள்ளானில் ஒரு பேரங்காடியின் மாடியில் பகல் காட்சி. புஷ்பவல்லியும் பரமேஸ்வரனும் குருவும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். பெரிய ஹால். அவர்களையும் சேர்த்துப் பதினான்கு பேர், ஆளுக்கொரு மூலையில். முதல் வேடிக்கைக்கு முன்வரிசையில் ஒருவர் “ஹா” என்றார். தன் குரல் தனியாகக் கேட்டதும் சட்டென்று நிறுத்திக்கொண்டார். அப்புறம் அவரும் சிரிக்கவில்லை. துடைப்பக் காட்சி வந்தது. திரை முழுக்க புஷ்பவல்லி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஹாலில் யாரோ சோளப்பொரி மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது.

வெளியே வந்து மூவரும் எதிரிலிருந்த மாமாக் கடையில் உட்கார்ந்தார்கள். ரொட்டி சானாய் ஆறிக்கொண்டிருந்தது. யாரும் பிய்க்கவில்லை.

“நான் அந்த இடத்த வெட்டியிருக்கணும்,” என்றார் குரு.

“அந்த முன் சீட்டு ஆளப் பாத்தியா?” என்றார் புஷ்பவல்லி. “சிரிப்பு வந்துச்சு. வெக்கப்பட்டு முழுங்கிட்டாரு.”

“சரி அக்கா, அதுக்கு என்ன செய்யறது?”

“என் வேன்ல நாலு பிள்ளைங்க ஏறினா, ஏறின உடனே தூங்கிடும். வேன் நெறஞ்சிட்டா கத்தி மானத்த வாங்கும். அதே பிள்ளைங்கதான்.”

பரமேஸ்வரன் ரொட்டியைப் பிய்த்தார். “அப்போ பதினொரு வேன்ல நாலு நாலு பிள்ளையா ஏத்தி வச்சிருக்கீங்க,” என்றார்.

அன்று மாலையே புஷ்பவல்லியும் குருவும் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனார்கள். பெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் வழக்கத்துக்கு மாறாகப் புஷ்பவல்லி ஒருவரையும் திட்டவில்லை. படியேறி வந்தவர்களைப் பார்த்ததும் தம்புசாமி பெருமூச்சு விட்டார்.

“உக்காருங்க. ஹால எடுக்காதீங்கன்னு கேக்க வந்திருக்கீங்க. எல்லாரும் கேப்பாங்க. என் கையில ஒன்னும் இல்ல.”

“எடுத்துடுங்கண்ணே,” என்றார் புஷ்பவல்லி.

தம்புசாமி கண்ணாடியைக் கழற்றினார்.

“பகல் ஷோ எல்லாம் வேணாம். நாலு ஹால் போதும். கிள்ளான், சுபாங் ஜெயா, இன்னும் ரெண்டு. சனி, ஞாயிறு, ஏழு மணி ஷோ மட்டும். ஒரு சீட்டும் காலியா இருக்கக் கூடாது.”

“முப்பது வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன். ஹால கொறைங்கன்னு ஒருத்தரும் வந்து கேட்டதில்ல.”

“நான் கேக்கறேன்.”

“அதுவும் நிறையலன்னா?”

“மூஞ்சி சின்னதாவே இருக்கட்டும்னு விட்டுடறேன்.”

தம்புசாமிக்கு இதில் இழப்பு ஒன்றுமில்லை. எப்படியும் திங்கட்கிழமை போகவிருந்த ஹால்கள். போனை எடுத்தார்.

படிக்கட்டில் இறங்கும்போதே புஷ்பவல்லி தன் வேன் பிள்ளைகளின் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு குரல் பதிவு போட்டார். லிஃப்ட் வாசல் குரலிலேயே பேசினார்: “இங்க பாருங்க, என் படத்துக்கு யாரும் கண்ட நேரத்துல போகாதீங்க. சனிக்கிழமை ஏழு மணி. அப்ப வரலன்னா அப்புறம் வரவே வராதீங்க. திங்கக்கெழம வேன்ல யார் யார் வந்தீங்கன்னு பிள்ளைங்ககிட்ட கேப்பேன்.”

படத்துக்கு வராதீங்க என்று ஒரு கதாநாயகியே திட்டுவது புதுசாக இருந்தது. பெற்றோர் அதை உறவினருக்கு அனுப்பினார்கள், உறவினர் அலுவலகக் குழுக்களுக்கு அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை மதியம் பத்துமலையில் பிரசாதம் வாங்க வரிசையில் நின்ற ஒருவரின் போனில் அது ஓடுவதைத் தான் கேட்டதாக குருவின் அக்காவே சொன்னார். அன்று மாலைக்குள் கிள்ளான் ஹாலில் முன்வரிசை தவிர எல்லா இருக்கையும் பதிவாகிவிட்டது. சனிக்கிழமை காலையில் முன்வரிசையும் போனது.

சனி மாலை ஏழு மணி, கிள்ளான் ஹால். குடும்பம் குடும்பமாக வந்தார்கள். இடமில்லாமல் அப்பாக்கள் மடியில் பிள்ளைகளை வைத்துக்கொண்டார்கள். விளக்கு அணைந்தது. முதல் வேடிக்கைக்கு நடு வரிசையில் ஒரு பெண் கிக்கிக்கி என்று ஆரம்பித்தார். அவர் சிரிப்பைக் கேட்டுப் பக்கத்து வரிசை சிரித்தது. அங்கிருந்து பின்னால் பரவியது. பத்தாவது நிமிடம் ஹால் முழுக்க ஒரே வாய்.

கடைசி வரிசையில், கணவருக்கும் குருவுக்கும் நடுவே, புஷ்பவல்லி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையை அவர் பார்க்கவில்லை. முன்னால் இருந்த தலைகள் குலுங்குவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

துடைப்பக் காட்சி வந்தது. கதவு திறந்தது. “போன வாரம் இங்கதான் இருந்துச்சு.”

ஹால் வெடித்தது. திரையில் புஷ்பவல்லி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், நின்றார். கீழே சிரிப்பு ஏறிக்கொண்டே போனது. அடுத்த வசனத்தைச் சொல்லிவிட்டார். ஒருவர் காதிலும் விழவில்லை. அதற்கடுத்த வசனமும் அப்படியே போனது.

“என்னா சொன்னிச்சு? என்னா சொன்னிச்சு?” என்று ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தவரை இடித்துக் கேட்டார்.

“தெரியல அங்கிள், நாளைக்கி மறுபடி வந்து பாக்கணும்.”

குரு சாய்ந்து புஷ்பவல்லியின் காதருகே கத்தினார்: “இன்னும் ரெண்டு செகண்ட் விட்டிருக்கணும் அக்கா.”

“ஷ்ஷ்,” என்றார் பரமேஸ்வரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “படம் பாக்க விடுங்க லா.”

ஞாயிறு நான்கு ஹாலும் நிறைந்தன. சனிக்கிழமை பார்த்தவர்களில் பலர், கேட்காமல் விட்ட வசனங்களுக்காகத் திரும்ப வந்திருந்தார்கள். திங்கட்கிழமை காலை, பிள்ளைகளைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டுக்கொண்டிருந்த புஷ்பவல்லிக்குத் தம்புசாமியிடமிருந்து அழைப்பு வந்தது.

“தங்கச்சி, இப்ப ஹால்காரங்க என்கிட்ட கேக்கறாங்க. எத்தன குடுக்கட்டும்?”

“நெறையிற அளவுக்குக் குடுங்கண்ணே,” என்று சொல்லிவிட்டு, பையை மறந்துவிட்டு ஓடிய ஒரு பிள்ளையைக் கூப்பிட்டார்.

இரண்டாம் வாரம் படம் பதினாறு ஹால்களில் ஓடியது. தீபாவளி முடிந்தும் ஜொகூரிலும் பினாங்கிலும் அதை எடுக்கவில்லை. குருவின் அடுத்த படத்திலும் புஷ்பவல்லிதான் கதாநாயகி. ஒரு திருமண மண்டபத்தின் மேனேஜராக நடிக்கிறார். தைப்பூசம் முடிந்த மறுவாரம் பிரிக்பீல்ட்ஸில் படப்பிடிப்பு தொடங்குகிறது.