ஓட்டைக்குள்ளால் திரும்பி வந்த கார்ட்

வாற சனிக்கிழமை எங்கட தெருவுக்கு ஒரு பார்ட்டி. வீடு வீடாகக் கார்ட் கொடுக்கிற பொறுப்பு என்னுடையது.

ஒரு வெள்ளைக்கார அம்மாவின் கதவில் 'விளம்பரக் கடதாசி போடவேண்டாம்' என்று ஸ்டிக்கர். சட்டத்துக்குப் பயந்த மனுசன் நான். பெல் அடித்து, இரண்டு கையாலும் கொடுத்து, "கட்டாயம் வரவேணும்" என்று ஆங்கிலத்தில் குழைந்தேன்.

எதிர்வீடு செல்வம் அண்ணை. அவருடைய கதவில் ஸ்டிக்கர் இல்லை. எங்கட ஆள்தானே என்று கதவில் கடிதம் போடுகிற ஓட்டைக்குள் தள்ளிவிட்டுத் திரும்பினேன்.

கார்ட் அதே ஓட்டையால் வெளியே வந்து விழுந்தது.

"தம்பி, பீட்சாக் கடைக்காரனும் இப்பிடித்தான் போடுறவன்," என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். "அங்க அவவுக்குப் பல்லைக் காட்டினதையும் ஜன்னலால பாத்தனான்."

"அண்ணை, கதவைத் திறவுங்கோ."

"உன்ர மனுசியையும் கூட்டிக்கொண்டு முறையா வா. திறக்கிறன்."

குனிந்து கார்ட்டைப் பொறுக்கும்போது வெள்ளைக்கார அம்மா எனக்குச் சிரித்துக் கை காட்டினா. முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

மனுசி இப்போது சேலை உடுத்துகிறாள். இனி வீடு வீடாக ஏறி இறங்கவேணுமே என்று என்னில் கோபம்.

எங்கட தெருத் தமிழாக்களே, உங்கட ஓட்டைக்குள்ளயும் ஒரு கார்ட் கிடக்கும். தயவுசெய்து காணாத மாதிரி இருங்கோ. ரெண்டு பேருமா வந்துகொண்டிருக்கிறம்.